வளர்ப்பதும் புஹி, அவிழ்த்து விடுவதும் புஹி

பிலிப்பைன்ஸின் செபு தீவுக்கரையில் ஒரு மீனவரின் வலையில் கடல் ஆமை சிக்கிவிட்டது. கரையில் கூடியவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "புஹி ப அங் பாவிகன்" என்கிறார். ஆமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள். சற்று நேரத்தில் அதைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் செய்தியில் "கிபுஹிஅன் அங் பாவிகன்" என்று வருகிறது. ஆமை விடுவிக்கப்பட்டது. இரண்டு வாக்கியத்திலும் இருப்பது ஒரே வேர்ச்சொல். முதலாவதற்கு ஆங்கிலத்தில் அலைவ், இரண்டாவதற்கு ரிலீஸ்டு. வேரை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பவர், 'ஆமை உயிர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதி ஓர் அற்புதத்தையே நிகழ்த்திவிடக் கூடும்.

செபுவானோ மொழியை அதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிசாயா என்றே சொல்வார்கள். செபு, போஹோல், நீக்ரோஸின் கிழக்குப் பகுதி, லெய்ட்டேயின் மேற்குப் பகுதி, மிண்டனாவோவின் பெரும்பகுதி என்று சுமார் 2 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. மலாய், தகாலோக், ஹவாயி மொழிகளைப் போல ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழோடு பிறப்புவழி உறவு கிடையாது. ஆனாலும் புஹி என்ற இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாகக் கைகொடுக்கிறது. அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒலி. தொடக்கத்தில் உள்ள எழுத்து, பஸ் என்று சொல்லும்போது வரும் ப. முடிவில் உள்ள இகரத்தை இழுக்கக் கூடாது. சொன்னவுடன் தொண்டையை ஒரு கணம் அடைத்து மூச்சை வெட்ட வேண்டும். இந்தத் தொண்டை அடைப்பு செபுவானோவில் முழு மெய்யொலி. ஆனால் நாளிதழ்களிலும் குறுஞ்செய்திகளிலும் சொல்லின் கடைசியில் அதற்கு எந்தக் குறியும் போடுவதில்லை. எழுத்தைப் பார்த்துப் படிக்கும் அயலாருக்கு அது கண்ணில் படவே படாது.

அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பின்னொட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாசா என்றால் வாசித்தல். அதோடு ஒன் என்ற பின்னொட்டைச் சேர்த்தால் நடுவில் ஒரு ஹகரம் முளைத்து பாசஹொன், அதாவது வாசிக்க வேண்டியது, என்று ஆகிறது. அதே எழுத்துகளால் எழுதப்படும் இன்னொரு பாசாவுக்கு ஈரம் என்று பொருள். அதன் முடிவில் தொண்டை அடைப்பு இருப்பதால் ஹகரம் நுழைய இடமில்லை. அது பாசஒன், ஈரமாக்க வேண்டியது, என்றே நிற்கும். புஹியும் இந்த இரண்டாம் வகை. ஆகவே புஹிஒன், புஹிஅன் என்றுதான் வரும். ஹகரம் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நெற்றியைச் சுருக்குவார்.

இந்தச் சொல்லின் இயந்திரம் முழுவதும் இந்த இரண்டு பின்னொட்டுகளில்தான் இருக்கிறது. லங்கம் என்றால் பறவை. "புஹிஒன் நாகோ அங் லங்கம்" என்றால் அந்தப் பறவையை வளர்க்கப் போகிறேன். "புஹிஅன் நாகோ அங் லங்கம்" என்றால் அந்தப் பறவையை விட்டுவிடப் போகிறேன். மாறியது ஓர் உயிரெழுத்துதான். பறவை கூண்டில் இருக்குமா வானத்தில் இருக்குமா என்பதை அந்த ஓர் எழுத்து முடிவு செய்கிறது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தமிழில் ஒரு செயலில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு என்ன பங்கு என்பதை வேற்றுமை உருபு சொல்கிறது. அது பெயரின் வாலில் ஒட்டியிருக்கிறது. செபுவானோவில் அங் என்ற சிறு சொல், 'பேச்சு இந்தப் பொருளைப் பற்றியது' என்று மட்டும் காட்டும். அந்தப் பொருளுக்குச் செயலில் என்ன பங்கு என்பதை வினைச்சொல்லின் ஒட்டு சொல்லும். ஒன் என்று வந்தால் செயல் அந்தப் பொருளை முழுவதும் ஆட்கொள்கிறது: அதை உண்டாக்குகிறது, மாற்றுகிறது, அல்லது நம் வசம் கொண்டுவருகிறது. அன் என்று வந்தால் அந்தப் பொருள் செயல் நிகழும் இடம், போய்ச் சேரும் முனை அல்லது விலகிப் போகும் முனை. வளர்ப்பதில் குஞ்சு முழுவதும் நம் செயலுக்குள் இருக்கிறது. விடுவதிலோ நாம் செய்வதெல்லாம் கையைத் திறப்பது மட்டுமே. பறவை அந்தப் பிடி தளரும் முனை. ஆகவே முன்னதற்கு ஒன், பின்னதற்கு அன். இலக்கண நூல்களில் இதைக் குவிவு என்ற தலைப்பில் பல பக்கங்களுக்கு விளக்குவார்கள். பறவை உதாரணம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

செயல் முடிந்துவிட்டால் முன்னால் கி என்ற ஒட்டு சேரும். ஆங்கில கிஃப்ட்டில் வரும் கி அது. அப்போது ஒன் உதிர்ந்துவிடும், அன் உதிராது. கிபுஹி என்றால் வளர்த்தது, கிபுஹிஅன் என்றால் விட்டது. படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டுக்கும் முன்பகுதி ஒன்றே என்பதால் கண் முதல் மூன்று அசைகளிலேயே நின்று வளர்த்ததாக எடுத்துக்கொள்கிறது. செபுவானோ செய்தி படிக்கும்போது வினைச்சொல்லின் வாலைப் பார்க்காமல் பொருள் கொள்ளவே கூடாது.

செய்பவரைப் பற்றிய பேச்சானால் நக் என்ற முன்னொட்டு. "நக்புஹி சி நானாய் ஒக் பாபோய்" என்றால் அம்மா பன்றி வளர்க்கிறார். இங்கே வரும் ஒக் குறிப்பிட்ட ஒன்றாக இல்லாமல் பொதுவாக ஏதோ ஒரு பன்றியை, அல்லது சில பன்றிகளைக் காட்டும். உக் என்று எழுதினால் 'மற்றும்'. பலர் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறார்கள் என்பதால் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மா முன்னால் வந்தால் மாபுஹி: உயிர்வாழ்தல், அதோடு 'வாழ்க!' என்ற முழக்கம். அதன் இறந்தகாலம் நாபுஹி. 90 ஆண்டு வாழ்ந்தார் என்பதற்கும் அதுதான், பிடுங்கி நட்ட நாற்று வேர்பிடித்துக்கொண்டது என்பதற்கும் அதுதான்.

பெயர்ச்சொற்களில் இன் என்ற ஒட்டு சொல்லுக்கு நடுவில் புகுந்துகொள்ளும். முதல் மெய்க்கும் அதையடுத்த உயிருக்கும் இடையில் அது உட்காரும். புஹிக்குள் இன் நுழைந்தால் பினுஹி: வளர்க்கப்பட்டது, அதாவது வீட்டுப்பிராணி. ஆங்கிலம் இதைப் பெட் என்றும் லைவ்ஸ்டாக் என்றும் இரண்டாகப் பிரிக்கும். மடியில் தூங்கும் பூனைக்கு ஒன்று, விற்பனைக்கு வளர்க்கும் பன்றிக்கு மற்றொன்று. பினுஹி இரண்டையும் சேர்த்தே அணைத்துக்கொள்கிறது. கினபுஹி என்றால் வாழ்க்கை, உயிர். இன்னும் ஒரு படி மேலே போனால் பஙினபுஹி: வாழ்வாதாரம், ஆங்கிலத்தில் லைவ்லிஹுட். மீன்பிடிப்பவரின் பஙினபுஹி கடல் என்பார்கள்.

தமிழ் கைகொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். நம்மிடம் 'பிழை' என்ற வினை இருக்கிறது. விபத்தில் பிழைத்தார் என்றால் உயிர் தப்பினார். பிழைப்பு என்றால் வாழ்வாதாரம். பஙினபுஹிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை. கையில் சிக்கியவனை விடும்போது நாம் என்ன சொல்கிறோம்? "போ, பிழைத்துப் போ." விடுவதும் வாழவிடுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன. புஹியில் வளர்ப்பதும் விடுவதும் ஏன் ஒன்றாகக் கிடக்கின்றன என்று வியக்கும் தமிழர், இந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். உயிரைத் தக்கவைப்பது ஒருவகை, உயிரை அதன் போக்கில் விடுவது இன்னொரு வகை. இரண்டின் அடியிலும் 'உயிரோடு இருக்கட்டும்' என்ற ஒரே எண்ணம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ரெய்ஸ், ரிலீஸ் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த உறவு கொஞ்சம்கூடத் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. ஆங்கிலச் சொல்லிலிருந்து புஹிக்குப் போகும்போது நடக்கும் தவறுகள்தான் அதிகம். லிவ் என்பதற்குக் குடியிருத்தல் என்ற பொருளும் இருக்கிறது. நான் செபுவில் வசிக்கிறேன் என்று சொல்ல நாபுஹியைப் போட்டால், ஏதோ சாவின் விளிம்பிலிருந்து செபுவில் உயிர்பிழைத்ததுபோல் ஆகிவிடும். குடியிருப்பதற்கு புயோ என்ற வேறு சொல் இருக்கிறது: "நக்புயோ கோ ச சுக்போ." சுக்போ என்பது செபுவின் உள்ளூர்ப் பெயர்.

ரெய்ஸ் என்பதும் அப்படித்தான். கோழிக்கும் பன்றிக்கும் நக்புஹி சரி. பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதைச் சொல்ல, பெரிய என்று பொருள்படும் டாகோவிலிருந்து வந்த நக்படாகோ பொருந்தும். பெரியவனாக்கினார் என்பது அதன் நேர்ப்பொருள். பெற்றவரைக் குறித்து நக்புஹி என்று சொன்னாலும் தவறில்லை, ஆனால் பொருள் சற்றே திரும்பும். சோறு போட்டார், தாங்கிப் பிடித்தார் என்ற கனம் அதில் வரும்.

ரிலீஸ் இன்னும் வழுக்கும். கை, கயிறு, கூண்டு, காவல் என்று ஏதோ ஒரு பிடியிலிருந்து விடுவதென்றால் புஹிஅன். சம்பளப் பணத்தையோ சான்றிதழையோ அலுவலகம் வெளியிடுவதற்கு, வெளி என்று பொருள்படும் காவாஸிலிருந்து வந்த கிபகாவாஸ் வரும். வெளியே வரச் செய்தார்கள் என்பது அதன் பொருள். அந்தக் காவாஸிலிருந்துதான் காவாஸ்னோன், சுதந்திரமான, என்ற சொல்லும் பிறக்கிறது. விடுவிக்கப்பட்ட பறவை காவாஸ்னோன். அதை வெறுமனே புஹி என்று சொன்னால் சாகவில்லை என்றுதான் பொருள்படும். காசில்லாமல் கிடைப்பதற்கு ஸ்பானியத்திலிருந்து வந்த லிப்ரே இருக்கிறது. ஆங்கிலத்தின் ஃப்ரீ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இங்கே இரண்டு வாசல்கள். இரண்டிலும் புஹி இல்லை.

தகாலோக் தெரிந்தவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். தகாலோக்கில் உயிருக்கு புஹாய். புஹியோடு பளிச்சென்று ஒத்துப்போவதால் மற்றச் சொற்களும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் மேலே பறவையாக வந்த லங்கம் தகாலோக்கில் எறும்பு. அந்த நம்பிக்கையோடு பறவை வாக்கியத்தைப் படிப்பவருக்கு, யாரோ ஓர் எறும்பை வளர்த்துப் பிறகு மனமிரங்கி விட்டுவிட்டதாகத் தோன்றும்.

அச்சு அகராதியில் தேடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஜான் வுல்ஃப் 1972இல் வெளியிட்ட செபுவானோ அகராதிதான் இன்றும் பெரிய துணை. அதில் உயிரெழுத்து மூன்றுதான்: அ, இ, உ. செபுவானோவின் சொந்த ஒலிகள் அவ்வளவே என்பதால் ஒகரத்தை அவர் உகரத்தின் கீழ் அடக்கிவிட்டார். அன்றாட எழுத்தில் ஒகரத்தோடு பார்க்கும் சொல்லை அங்கே உகரமாக்கித் தேட வேண்டும். சொற்கள் வேரின் கீழ் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால் முன்னொட்டு, உள்ளொட்டு, பின்னொட்டு மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். பஙினபுஹியை அதன் முதலெழுத்தின் கீழ் தேடி ஏமாறுவதைவிட, அதற்குள் ஒளிந்திருக்கும் புஹியைக் கண்டுபிடித்துவிட்டால் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கட்டளையிடும்போது பின்னொட்டு இன்னொரு முறை உருமாறுகிறது. ஒன் இருந்த இடத்தில் ஆ, அன் இருந்த இடத்தில் இ. புஹிஆ என்றால் வளர்த்துக்கொள், புஹிஇ என்றால் விடு. வேண்டாம் என்று தடுக்க முன்னால் ஆயாவ் வரும். வாலா போட்டால் செய்யவில்லை என்று ஆகும். "வாலா புஹிஇ" என்றால் விடவில்லை. இரண்டிலும் கடைசி உயிரெழுத்து மட்டுமே பொருளைத் தாங்கி நிற்கிறது. தொலைபேசி இரைச்சலில் இவை தவறிப் போவது இயல்பு.

வேகமாகப் பேசும்போது நடுவில் உள்ள ஹகரம் கரைந்துவிடும். புஹிஅன் புய்அன் ஆகும், புஹிஇ புய்இ ஆகும். தொண்டை அடைப்பு மட்டும் கரையாமல் நடுவில் நிற்கும். எழுதும்போது அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போடுவார்கள். சொல்லின் இறுதியில் குறியில்லாமல் ஒளிந்திருந்த ஒலி கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் அந்தக் கோடுதான். இந்தச் சுருங்கிய வடிவங்கள் வேரிலிருந்து வெகுதூரம் விலகியதுபோல் தெரிவதால், புய் என்று தொடங்கும் சொல்லைக் கேட்டதும் புஹியை நினைவுபடுத்திக்கொள்ளப் பழக வேண்டும்.

செபுவின் சந்தை நெரிசலில் பிள்ளையோடு போகும் தாய் வாயிலும் இந்தச் சுருங்கிய வடிவம்தான் வரும்: "ஆயாவ் புய்இ அகோங் கமோட்." ஆயாவ் வேண்டாம், புய்இ விடு, அகோங் என்னுடைய, கமோட் கை. ஆங்கிலத்தில் டோன்ட் லெட் கோ. தமிழில், "என் கையை விட்டுடாதே."