மைக்ரோடயாலிசிஸ்: தமிழ்ல நுண்ணூடுபிரிப்பு

டயாலிசிஸ்னு காதுல விழுந்தாலே நமக்கு கிட்னிதான் ஞாபகம் வரும், அதனால தலையில பலமா அடிபட்டு ஐசியூல கிடக்குறவருக்கு "மூளையில மைக்ரோடயாலிசிஸ் வைக்கிறோம்"னு டாக்டர் சொன்னா, வெளிய காத்திருக்குற சொந்தக்காரங்க ஐயோ கிட்னியும் போயிடுச்சானு பதறிடுவாங்க. கிட்னிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இங்க எதையும் சுத்தம் பண்றதும் இல்ல, மூளைக்குள்ள வேதியியல் எப்படி மாறுதுனு பாக்குறதுதான் வேலை.

சொல்லு கிரேக்கம். 'டயா'வுக்கு ஊடாகன்னும் தனித்தனியான்னும் ரெண்டு அர்த்தம் உண்டு, 'லைசிஸ்'னா அவிழ்க்கிறது. 1861ல தாமஸ் கிரஹாம்ங்கிற ஸ்காட்லாந்து வேதியியலாளர் இதை அறிவியலுக்குள்ள கொண்டுவந்தார், சவ்வு வழியா சின்ன மூலக்கூறு கடந்து போயிடும், பசை மாதிரி பெருசு தங்கிடும், அதைத்தான் அவர் டயாலிசிஸ்னார். வில்லெம் கோல்ஃப்ங்கிற டச்சு டாக்டரோட கிட்னி மெஷின் வந்தது 1940கள்லதான், அதாவது சொல்லு மெஷினுக்கு எண்பது வருஷம் மூத்தது!

மூளையிலயும் அதே சவ்வுதான். நுனியில சவ்வு வச்ச மெல்லிசான குழாயைத் திசுக்குள்ள இறக்கி, மூளைத் தண்டுவட திரவம் மாதிரியே ஒரு திரவத்தை நிமிஷத்துக்கு 0.3 மைக்ரோலிட்டர் வேகத்துல ஓட விடுவாங்க, சுத்தி இருக்குற குளுக்கோஸ், லாக்டேட், பைருவேட், குளுட்டமேட் எல்லாம் சவ்வு வழியா அதுல கசிஞ்சு வெளிய வரும். ஒரு மணி நேரத்துக்கு 18 மைக்ரோலிட்டர்தான், அரைச் சொட்டுகூட தேறாது. லாக்டேட்டும் பைருவேட்டும் செல்லு குளுக்கோஸை உடைக்கும்போது வர்றது, ஆற்றல் உற்பத்தி தடுமாறுனா லாக்டேட் பக்கம் ஏறிடும். அதனால அந்தத் துளியிலயே லாக்டேட்-பைருவேட் விகிதம் 25ஐத் தாண்டுதா, 40ஐத் தாண்டுதானு பாத்து செல்லுங்க ஆற்றல் இல்லாம திணறுதானு கண்டுபிடிச்சிடலாம்.

சிக்கல் என்னன்னா வெளிய வர்ற திரவத்தைப் பிடிக்கிற குப்பியை மணிக்கு ஒருதடவைதான் மாத்துறாங்க, அடிபட்ட மூளையில பரவுற மின் அலை சில நிமிஷத்துல வந்து குளுக்கோஸை இறக்கிட்டுப் போயிடும், குப்பியில சராசரிதான் தெரியும். அதனாலதான் இப்ப அந்தத் திரவத்தை நேரா உணரிக்கே, அதாவது சென்சாருக்கே, ஓட விடுற ஆராய்ச்சி நடக்குது. உணரியில இருக்குற நொதி குளுக்கோஸை ஆக்சிஜனோட வினைபுரிய வைக்கும், அப்ப ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும், அது மின்முனையில வினைபுரிஞ்சு மின்னோட்டம் தரும், அளவு உடனுக்குடன் தெரியும். நொதி வச்ச மின்முனைங்கிற யோசனை 1962லயே லேலண்ட் கிளார்க்ங்கிற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சொன்னது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பத்திரிகைல டயாலிசிஸ்னா ரத்த சுத்திகரிப்பு, அது கிட்னிக்கு சரி, மூளைக்கு முழுத் தப்பு. கூழ்மப்பிரிப்புனு இன்னொரு சொல்லு இருக்கு (கூழ்மம்னா பசை மாதிரி பெரிய துகள் கலந்த திரவம்), கிரஹாம் செஞ்சதுக்கு அழகா பொருந்தும், ஆனா மூளையில கூழ்மத்தைப் பிரிச்சு எடுக்கிறது நம்ம நோக்கம் இல்லையே, நமக்கு வேண்டியது சவ்வைத் தாண்டி வர்ற சின்ன மூலக்கூறுங்கதானே. எனக்குப் பிடிச்சது ஊடுபிரிப்பு, ஏன்னா ஊடே போறதும் பிரியறதும் ரெண்டும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. நுண் சேர்த்தா நுண்ணூடுபிரிப்பு. வாய்ல நுழையலன்னா சொந்தக்காரங்ககிட்ட "ஊடுபிரிப்புக் குழாய் வச்சு மூளையைக் கண்காணிக்கிறோம்"னு சொல்லுங்க, யாரும் கிட்னியை நினைச்சு அழ மாட்டாங்க.