நெரிசலில் மிச்சமாகும் பெட்ரோல்: ஹைபிரிட் செடான் எப்படி ஓடுகிறது?

ஹோண்டா நிறுவனம் 2022-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய சிட்டி இ:ஹெச்இவி என்ற ஹைபிரிட் செடானின் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார்) அதிகாரபூர்வச் சோதனை மைலேஜ் லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர். அதே உடலமைப்பில் விற்ற ஆட்டோமேட்டிக் பெட்ரோல் சிட்டிக்கு அது 18.4 மட்டுமே. இத்தனைக்கும் ஹைபிரிட் சிட்டிக்கு வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வசதி கிடையாது. அது ஓடுவதற்கான ஆற்றல் முழுவதும் டேங்கில் நிரப்பும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. ஆகவே, சாதாரணக் கார் எங்கே பெட்ரோலை வீணாக்குகிறது என்று பார்த்தால்தான் ஹைபிரிட் எதை மிச்சப்படுத்துகிறது என்பதும், யாருக்கு அது தகும் என்பதும் விளங்கும்.

ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு செடான், சமதளச் சாலையில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக நகர, சுமார் ஒன்றரைக் கிலோவாட் திறன் போதும். ஏசி ஓடினால் இன்னும் ஒன்றிரண்டு கிலோவாட் கூடும். ஆனால் அந்தக் காரில் இருப்பதோ 70 கிலோவாட்டுக்கு மேல் தரவல்ல என்ஜின். பெட்ரோல் என்ஜின் நல்ல சுமையில் இயங்கும்போது எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிவிடும். மிகக் குறைந்த சுமையில், பாதி மூடிய காற்று வழியினூடே மூச்சை இழுப்பதற்கும் தன் உள் உராய்வை வெல்வதற்குமே பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது செயல்திறன் பூஜ்யம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது இழப்பு பிரேக்கில் நிகழ்கிறது. மேற்சொன்ன கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 145 கிலோஜூல். அந்த வேகத்தை எட்ட, என்ஜின் 25 விழுக்காடு செயல்திறனோடு இயங்கியதாகக் கொண்டால், 18 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கும். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்ததும் அந்த ஆற்றல் முழுவதும் டிஸ்க்கைச் சூடாக்கிக் காற்றில் கலந்துவிடுகிறது. இப்படி 55 முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் போய்விடும். ஹைபிரிட் காரில், மெதுவாக பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்து நிறுத்துகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குச் செல்கிறது. முழுவதும் மீள்வதில்லை என்றாலும், அடுத்த முறை கிளம்புவதற்குப் பெரிதும் உதவும் அளவுக்கு மீள்கிறது. திடீரென்று அழுத்தி மிதித்தால் வழக்கமான பிரேக் குறுக்கிட்டு ஆற்றலை வெப்பமாக்கி வீணாக்கிவிடும் என்பதால், ஓட்டுநரின் வலது கால் இங்கே மைலேஜைத் தீர்மானிக்கிறது.

சிட்டியில் ஹோண்டா கையாளும் வழி எளிமையானது. நகர வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். என்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுகிறது, தேவையில்லாதபோது அணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் என்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு பூட்டிவிடும்.

டொயோட்டாவின் வழி இதைவிட நுட்பமானது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் முதல், கர்நாடகத்தின் பிடதியில் உருவாகும் கேம்ரி வரை அடிப்படை ஒன்றுதான். நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் கோள் பல்சக்கரங்கள், வெளியே அனைத்தையும் வளைத்து நிற்கும் வளையப் பல்சக்கரம். கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு என்ஜினும், சூரியனோடு ஜெனரேட்டரும், வளையத்தோடு மோட்டாரும் காரின் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன. பிரியஸில் வளையத்துக்கு 78 பற்கள், சூரியனுக்கு 30. எனவே என்ஜினின் முறுக்குவிசையில் 72 விழுக்காடு எப்போதும் சக்கரத்தின் பக்கமும் 28 விழுக்காடு ஜெனரேட்டர் பக்கமும் பிரிகிறது. ஜெனரேட்டரின் வேகத்தைக் கணினி கூட்டியும் குறைத்தும், கார் எந்த வேகத்தில் சென்றாலும் என்ஜினைத் தனக்கு உகந்த சுழற்சியில் வைத்துக்கொள்கிறது. மாற்றுவதற்குக் கியர் இல்லை, தேய்வதற்குக் கிளட்ச் இல்லை. கடந்த கால் நூற்றாண்டில் காருக்குள் வந்த பொறியியல் தீர்வுகளில் இதைவிட அழகானது வேறில்லை என்பது என் எண்ணம்.

மோட்டார் துணைக்கு இருப்பதால் என்ஜினையும் வேறு மாதிரி வடிவமைக்க முடிகிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் 1882-இல் கண்ட கருத்தைத் தழுவி, உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடி, அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரத்தை அதிகமாக்குகிறார்கள். இதனால் குறைந்த வேகத்தில் என்ஜினின் இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் நிரப்பிவிடுகிறது.

பேட்டரி எல்லோரும் நினைப்பதைவிடச் சிறியது, ஏறத்தாழ ஒரு கிலோவாட்-மணி. அதன் ஆயுளைக் காக்க, முழுவதும் நிரம்பவோ முழுவதும் தீரவோ கணினி விடுவதில்லை. எனவே மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சிறிய பேட்டரிக்கும் இடம் வேண்டும்: பெட்ரோல் சிட்டியின் டிக்கி 506 லிட்டர், ஹைபிரிட் சிட்டியில் அது 306. ரயில் நிலையத்துக்குப் பெட்டிகளோடு போகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது. கேம்ரியில் பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் டிக்கி தப்பித்தது. ஆனால் இருக்கையோரத்தில் உள்ள காற்றுத் துளையைத் துணியாலோ பையாலோ அடைத்துவிடக் கூடாது, அது பேட்டரியைக் குளிரவைக்கும் வழி.

சொகுசைப் பொறுத்தவரை, நின்று நின்று நகரும் சாலையில் ஹைபிரிட்டுக்கு ஈடு குறைவு. அதிர்வு இல்லை, கியர் மாறும் குலுக்கல் இல்லை. ஏசியின் கம்ப்ரசர் மின்சாரத்தில் இயங்குவதால் என்ஜின் அணைந்தாலும் குளிர் குறைவதில்லை. மேம்பாலத்தில் ஏறும்போதும், முந்துவதற்கு முழுதாக மிதிக்கும்போதும்தான் முகம் சுளிக்க நேரும்: வேகம் மெல்ல ஏறிக்கொண்டிருக்க, என்ஜின் மட்டும் ஒரே உயர்ந்த சுருதியில் இரையும். சோதனை ஓட்டத்தில் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கதை மாறிவிடுகிறது. அங்கே சீராக ஓடவே 12 கிலோவாட் அளவுக்குத் தேவைப்படுவதால், சாதாரண என்ஜினும் நல்ல சுமையில் இயங்குகிறது. பிரேக்கும் அரிதாகவே படுகிறது. மீட்பதற்கு வீண் அதிகம் இல்லை.

பணக் கணக்கும் இதையே பின்பற்றுகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், இரு கார்களின் விலை வித்தியாசம் 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் மைலேஜ் 11-இலிருந்து 20-க்கு உயர்ந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் 18-இலிருந்து 22-க்குத்தான் உயர்கிறது என்றால் மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். பணம் திரும்ப நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், அதற்குள் பெரும்பாலானோர் காரை விற்றிருப்பார்கள்.