கரண்ட் வந்ததும் தானாக ஓடிய மோட்டார்

இரவு இரண்டு மணிக்கு போன். "ஏனுங் தம்பி, மோட்டார் தானா ஓடுதுங்க. டேங்க் நிரம்பி மாடியெல்லாம் தண்ணி. யாரும் சுவிட்சைத் தொடவே இல்லீங்க." மோட்டார் எம்சிபியை இறக்கிடுங்கம்மா, காலையில வர்றேன் என்றேன். அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மோட்டாரை நோட்-ரெட் என்ற மென்பொருளில் கோத்துக் கொடுத்தவன் நான்தான்.

சொந்த சர்வரில் ஸ்மார்ட் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு நோட்-ரெட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: எந்தக் கருவி எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரைந்து ஓட்டும் மென்பொருள் அது. 2013-ல் ஐபிஎம்மில் நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் இருவரும் எழுதியது. அதே ஆண்டில் ஓப்பன் சோர்ஸ் ஆனது. எம்கியூடிடி (கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) டாப்பிக்குகளுக்கு, அதாவது செய்திகளின் முகவரிகளுக்கு இடையில் எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கான சின்ன முயற்சியாகத்தான் அது தொடங்கியது. கட்டங்களை ('நோட்') இழுத்துப் போட்டு நடுவில் கோடு இழுத்தால் வேலை முடிந்தது; அந்தப் படம்தான் 'ஃப்ளோ'. சிக்கலும் அங்கேதான். படம் அழகாக இருந்தால் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று மனசு நம்பிவிடுகிறது. நானும் நம்பினேன்.

அந்த வீடு கோவையில். மாநகராட்சித் தண்ணீர் சம்ப்பில் விழும். அங்கிருந்து 1 ஹெச்பி மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். ஒரு சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் கட்டுப்படுத்துவது), மஸ்கீட்டோ (எம்கியூடிடி செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர்), நோட்-ரெட் மூன்றையும் டாக்கரில், அதாவது தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்) ஓட்டினேன். கணினியும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில். மோட்டார் ரூமில் டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட வைஃபை ரிலே, அது இழுக்கும் கான்டாக்டர் (மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்). (மோட்டாரை நேராக ஸ்மார்ட் பிளக்கில் செருகுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் உள்ளே இருக்கும் குட்டி ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆஃப் என்பதே கிடையாது.) மோட்டார் ரூமுக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. எந்த வீட்டில்தான் இருக்கிறது?

காலையில் போய் ஃப்ளோவைத் திறந்தேன். ஆறு மணிக்கு டேங்க் காலியா என்று பார், காலி என்றால் ஆன், நிரம்பினால் ஆஃப். ஒரு தப்பும் இல்லை. ராத்திரி நோட்-ரெட் எதையும் அனுப்பவே இல்லை என்று லாக் சொன்னது. பிறகு யார் போட்டது?

அனுப்பியது மஸ்கீட்டோ. முதல் நாள் ரிலே வேலை செய்கிறதா என்று பார்க்க, "ஆன்" என்று அனுப்பும் ஒரு தற்காலிகக் கட்டம் வைத்திருந்தேன். அதில் 'ரீடெய்ன்' டிக் விழுந்திருந்தது. ரீடெய்ன் செய்த செய்தி வாசலில் ஒட்டிய சீட்டு மாதிரி: புதிதாக வந்து அந்த டாப்பிக்கைக் கேட்கிற எவருக்கும் புரோக்கர் அதைக் கையில் கொடுத்துவிடும். சோதனை முடிந்ததும் கட்டத்தை அழித்தேன். சீட்டு புரோக்கரிலேயே இருந்தது. ராத்திரி கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் இருந்த புரோக்கர் விழித்தே இருந்தது. கரண்ட் வந்ததும் ரிலே எழுந்தது, வைஃபையில் சேர்ந்தது, "எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டது. இருக்கிறதே, ஆன்.

டேங்க் நிரம்பியும் ஏன் நிற்கவில்லை? அது என் இரண்டாவது புத்திசாலித்தனம். ஃப்ளோட் சென்சார் அடிக்கடி ஒரே செய்தியை அனுப்புகிறதே என்று நடுவில் ஒரு ஃபில்டர் நோட் வைத்திருந்தேன்; மதிப்பு மாறினால்தான் அது வழிவிடும். ஆனால் டேங்க் ஏற்கெனவே முழுசாக இருந்தது. எதுவும் மாறவில்லை, ஆகவே ஆஃப் போகவில்லை.

ரீடெய்னை அழிக்க, அதே டாப்பிக்குக்கு ரீடெய்ன் டிக்கோடு வெற்றுச் செய்தி ஒன்று அனுப்பினால் போதும். ஒரு நிமிட வேலை. மீதி அரை நாளும் நோட்-ரெட்டைத் தொடாமல் செய்த வேலைதான். டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட்டை 0 ஆக்கினேன்; இயல்பாக அது கரண்ட் போகும் முன் இருந்த நிலைக்கே திரும்பும், 0 போட்டால் எப்போதும் ஆஃபில் எழும். அங்கே டேங்க் நிரம்ப 25 நிமிடம் ஆகும். ஆகவே ரிலே தானே ஆஃப் ஆகும் நேரமான பல்ஸ்டைமை 2500 என்று வைத்தேன். அதில் விநாடியோடு 100 கூட்டிப் போட வேண்டும். 2500 என்றால் 2400 விநாடி, 40 நிமிடம். சர்வர் செத்தாலும் ரிலே தானே விட்டுவிடும். கடைசியாக, கான்டாக்டர் காயிலோடு தொடராக ஒரு சாதாரண மிதவை சுவிட்ச். வயர்மேன் சிரித்தார்: "இதை முதல்லயே போட்டிருந்தா உங்க கம்ப்யூட்டரே வேண்டாமேங்க." பாதி உண்மை.

30 நிமிடம் கழித்து ஆஃப் அனுப்பு என்று ட்ரிக்கர் நோட் வைத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று. மோட்டார் ஓடும்போது வேறு எதையோ திருத்தி 'ஃபுல் டிப்ளாய்' (மாற்றங்களை அமலாக்கும் பொத்தான்) கொடுத்தால் எல்லா ஃப்ளோவும் புதிதாகத் தொடங்கும்; எண்ணிக்கொண்டிருந்த அந்த 30 நிமிடம் காற்றில் போகும். மாற்றிய நோட்களை மட்டும் டிப்ளாய் செய்யும் தேர்வு அதே பொத்தானின் ஓரத்தில் இருக்கிறது. காண்டெக்ஸ்ட்டில் (ஃப்ளோ எதையாவது நினைவில் வைக்கும் இடம்) சேமித்த மதிப்புகளும் இயல்பாக மெமரியில்தான். கோப்பில் சேமிக்கச் சொல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும்.

நேரம்: டாக்கரில் டைம்ஸோன் சொல்லாவிட்டால் கன்டெய்னர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். காலை 6 என்று வைத்த வேலை பகல் 11:30-க்கு நடக்கும். ஏஷியா/கொல்கத்தா என்று ஒரு வரி.

அதே வீட்டில் என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. மகன் வெளியூரில் வேலை. அங்கிருந்து ஃப்ளோவைப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் நோட்-ரெட்டின் போர்ட் 1880-ஐ வெளியே திறந்து வைத்திருந்தார். நிறுவிய உடன் நோட்-ரெட் எடிட்டருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. அதில் எக்ஸெக் என்றொரு நோட் உண்டு. இயந்திரத்தின் கமாண்டை அப்படியே ஓட்டும். அந்தப் பக்கத்தைத் திறக்க முடிந்த எவரும் அதை இழுத்துப் போட்டு வீட்டு நெட்வொர்க்குக்குள் இறங்கலாம். ஃபயர்வால் இருக்கிறதே என்றார். டாக்கர் வெளியே திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூ என்ற அந்த ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்று காட்டினேன். போர்ட்டை மூடி வயர்கார்டு என்ற விபிஎன் போட்டோம். செட்டிங்ஸ் கோப்பில் அட்மின்ஆத் என்ற பாஸ்வேர்ட் பூட்டும் வைத்தோம். அட்மின்ஆத் எடிட்டரை மட்டும்தான் காக்கும். டாஷ்போர்டுக்கும் ஹெச்டிடிபி நோட்களுக்கும் தனிப் பூட்டு வேண்டும்.

கிரெடென்ஷியல் சீக்ரெட்டையும் (ஃப்ளோவில் உள்ள பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவி) நீங்களே வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நோட்-ரெட் தானே ஒரு சாவி உருவாக்கிக்கொள்ளும். ஃப்ளோ கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப்போனால் கோடுகள் வரும், பாஸ்வேர்டுகள் வராது. டேட்டா ஃபோல்டரை வெளியே மவுண்ட் செய்யாமல் கன்டெய்னரை அப்டேட் செய்தால் கோடுகளும் வராது.

விளக்கு, ஃபேன் போன்றவற்றுக்கு நான் இப்போது நோட்-ரெட் பக்கமே போவதில்லை. ஹோம் அசிஸ்டென்ட்டின் சொந்த ஆட்டோமேஷன் போதும். பல நிபந்தனைகள் பின்னிக்கொள்ளும் இடத்துக்கு மட்டும்தான் கோடு.

ஒப்படைக்கும் முன் அந்த அம்மாவையே சோதிக்கச் சொன்னேன். டேங்க் நிரம்பியிருக்கையில் மெயினை இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு ஏற்றினார். மோட்டார் ரூம் வாசலில் காதை வைத்து நின்றார். "ஒரு சத்தமும் இல்லீங்க தம்பி." மறுநாள் டேங்க் பாதி காலியானதும் மோட்டாரைப் போட்டுவிட்டு, சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். மாடியில் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் மிதவைக்கு வேலையில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தோம். பேச்சு மகனின் கல்யாணத்துக்குத் திரும்பியிருந்தது; நாற்பதாவது நிமிடம் மோட்டார் ரூமுக்குள் டக் என்று கான்டாக்டர் விட்டது.