சர்வீஸ்தானே என்று சொல்லாதீர்கள்

இந்த வருடமும் ஒரு சங்கம் அதே சிக்கலோடு என் மேஜைக்கு வந்துவிட்டது. கட்டடப் பொறியாளர்கள் சங்கம். அலுவலகம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம். உறுப்பினர்களில் கணிசமானோர் எல்லை ஊரான களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள். ஆண்டு விழாவுக்கு முன்னால் சீரமைப்பு என்று சொல்லி, இருந்த நான்கு துணைக்குழுக்களைப் பதினொன்றாக்கியிருக்கிறார்கள். யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாதாம், ஆளுக்கொரு பதவி. பொருளாளரையும் மாற்றிவிட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டார்கள், கைதட்டும் எமோஜிகள் வந்தன, அதோடு சரி.

ஜூன் மாதம், இறந்துபோன உறுப்பினர் ஒருவரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நலநிதியில் பணம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா கோடு போட்ட தாளில் கையால் விண்ணப்பம் எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். நலநிதிக் குழு, கல்வி உதவிக் குழு, குடும்ப நலக் குழு என்று அதற்கு மூன்று குழுக்கள். மூன்று அமைப்பாளர்களும் பார்த்திருக்கிறார்கள். மற்றவர் கவனிப்பார் என்று மூவருமே விட்டுவிட்டார்கள். கடைசி நாளில் அவசரமாகக் காசோலை எழுதினால், வங்கியில் இருப்பது பழைய பொருளாளரின் கையெழுத்து. அவர் துபாய் போய்விட்டார். அந்த அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்.

கேட்டால் எல்லாச் சங்கமும் சொல்லும் பதில்தான் வந்தது: “சாரே, இது சர்வீஸ்தானே, சம்பளமா வாங்குறோம்? இதுக்கெல்லாம் பேப்பர் எதுக்கு?”

இந்த ஒரு வாக்கியம்தான் சங்கங்களைக் கெடுக்கிறது. சம்பளம் வாங்குகிறவரை முதலாளி கேட்பார், வேலையும் நடக்கும். சம்பளம் வாங்காதவரைக் கேட்க நமக்குக் கூச்சம். கூச்சம் இருக்கிற இடத்தில்தான் எழுத்து வேண்டும். இன்னது உங்கள் வேலை, இன்ன தேதிக்குள், இவ்வளவு ரூபாய் வரை நீங்களே செலவு செய்யலாம், முடியவில்லை என்றால் இன்னாரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தால், அது அவருக்குப் பாதுகாப்பு. எழுதாமல் விட்டால் நல்ல மனிதர்தான் முதலில் மாட்டுகிறார். விழாச் செலவுக்கான நன்கொடையைத் தன் சொந்த கூகுள் பே எண்ணில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மையானவர்கள். ஆனால் அவருடைய வங்கிக் கணக்கில் வந்த பணத்துக்கு வருமான வரித்துறை விளக்கம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், சங்கம் அல்ல. சர்வீஸ் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தவறு. உறுப்பினர் கட்டிய சந்தாவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

சட்டமும் இந்த விஷயத்தில் சலுகை காட்டுவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது, பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆள் மாறினால் மூன்று மாதத்துக்குள் படிவம் 7-ஐப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பைலாவில், அதாவது பதிவு செய்த சங்க விதிகளில், இருக்கும் குழு அமைப்பையே மாற்றுவதானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்திருப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு பதிவு. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றால், யார் உண்மையான நிர்வாகி என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அதுவரை வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும்.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. பாறசாலைக்காரர்கள் தங்களுக்கு ஒரு கிளைக்குழு கேட்பார்கள், நியாயம்தான். அதை அங்கேயே தனியாகப் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே நடப்பில் இருப்பது 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நம் பக்கத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. இன்று சட்டம் வேறு, பதிவாளர் வேறு. அங்கே பதிவு செய்தால் அது உங்கள் துணைக்குழு ஆகாது, தனிச் சங்கம். உங்கள் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. கிளை வேண்டுமென்றால் உங்கள் பைலாவுக்குள்ளேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து ஆட்களை வைத்துக்கொண்டு குழு போடாதீர்கள். வேலையை முதலில் எழுதுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு குழு இருந்தால் ஒன்றைக் கலையுங்கள். மனம் வருந்துகிறவரிடம் நேரில் போய், ஒரு சாயா குடித்தபடி பேசுங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பலருக்கு உள்ளூர நிம்மதிதான். விழாக்குழு போன்றவற்றுக்கு முடிவுத் தேதி வையுங்கள், கணக்குக் கொடுத்த அன்றே அது கலைய வேண்டும். நலநிதிக்கு ஒரே அமைப்பாளர் இருக்கட்டும். அவர் ஊரில் இல்லாதபோது யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இளம் பொறியாளர்களைப் போஸ்டர் ஒட்ட மட்டும் கூப்பிடாதீர்கள், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள்.

பொறுப்பு மாறும் நாளில் காசோலைப் புத்தகம், ரசீதுப் புத்தகம், மெயில் கடவுச்சொல், வங்கியில் பதிந்த கைபேசி எண் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கிக்குத் தீர்மான நகலோடு அந்த வாரமே போங்கள்.

பொதுக்குழுவுக்குத் தேதி குறிக்கும்போது பொங்கலை மட்டும் பார்க்காதீர்கள். ஓண வாரத்தில் வைத்தால் கேரளப் பக்கத்து உறுப்பினர்கள் வர மாட்டார்கள், கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சேராது. நோட்டீஸைத் தபாலிலும் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.