வருமான வரியை எடுத்துவிட்டால் ஏற்றுமதி பெருகுமா?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பைக்குகள் முள்ளோடை வந்ததும் பெட்ரோல் பங்க் பக்கம் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அந்தந்த அரசு போடும் வாட் வரிதான். புதுச்சேரியில் அது குறைவு. அதே ஆள் அங்கே ஒரு மிக்சி வாங்கினால் வரியில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. ஜிஎஸ்டி இரண்டு ஊரிலும் ஒன்றே.

நாட்டின் எல்லையிலும் வரி இப்படித்தான் வியாபாரத்தைத் திருப்புகிறது. அதனால்தான் ‘வருமான வரியை ஒழித்துவிட்டு, வாங்கும் பொருளுக்கு மட்டும் வரி போட்டால் ஏற்றுமதி பெருகும்’ என்கிறார்கள். அமெரிக்காவில் ‘ஃபேர் டாக்ஸ்’ என்ற பெயரில் இதற்கு மசோதாவே உண்டு. கடைக்காரரிடம் கொடுக்கும் மொத்தத் தொகையில் 23 சதவீதம் வரி, வருமான வரி கிடையாது என்பது அதன் சாரம்.

காரணம் எளிது. நுகர்வு வரி, அதாவது வாங்கும் பொருளுக்குப் போடும் வரி, பொருள் எங்கே செலவாகிறதோ அங்கே விழும். வெளிநாடு போகும் சரக்குக்கு வரியைத் திருப்பித் தரலாம், உள்ளே வரும் சரக்குக்குப் போடலாம். உலக வர்த்தக அமைப்பின் விதிகள் இதை ஏற்கின்றன. வருமான வரியை ஏற்றுமதிக்காகத் தள்ளுபடி செய்தாலோ அது தடைசெய்யப்பட்ட மானியம். 2018-இல் அமெரிக்கா அங்கே தொடுத்த வழக்கில், சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு நாம் தந்த வருமான வரிச் சலுகைக்கு எதிராகவே 2019-இல் தீர்ப்பு வந்தது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? 2017 ஜூலை 1 முதல் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்குப் பருப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய் வரி கட்டியிருப்பார். ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவத்தில் உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால், அதாவது ஆடிட்டர்கள் சொல்லும் எல்யூடி, வரி போடாமலே சரக்கை அனுப்பலாம். கட்டணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் இதை மறப்பவர்கள் நிறைய. பில் போட்ட 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் வட்டியோடு வரி கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த 50,000-ஐத் திருப்பிக் கேட்டு ஆர்எஃப்டி-01 படிவத்தில் விண்ணப்பிக்கலாம், 2 ஆண்டு அவகாசம் உண்டு. விண்ணப்பத்துக்கு ஒப்புகை வந்த 7 நாளில் 90 சதவீதத்தைத் தற்காலிகமாகக் கொடுக்க விதி இருக்கிறது. 60 நாள் தாண்டினால் 6 சதவீத வட்டி. சிறு வியாபாரிக்கு உயிர்நாடி இந்த நாள் கணக்குதான். பணம் முடங்கினால் அடுத்த லோடுக்கு வட்டிக்கு வாங்க வேண்டும்.

ஆக, ஏற்றுமதிக்கு நுகர்வு வரி தருவதாகச் சொல்லும் ஆதாயம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. மிச்சம் வருமான வரிதான். அதையும் எடுத்துவிட்டால் சரக்கு மலிவாகி விற்குமே என்று தோன்றும். ஆனால் ஏற்றுமதி கூடினால் ரூபாயின் மதிப்பும் ஏறும். மலிவில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும் என்பது பொருளாதாரப் பாடம். எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி, விட்டுப்போன பணத்தை யார் கட்டுவது என்பது.

வருமான வரியின் புதிய முறையில் 2025-26 முதல் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வாங்கும் சம்பளக்காரர்களுக்கு வரி இல்லை. முந்திரி உடைக்கும் அம்மா அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வரமாட்டார். ஆனால் அவர் வாங்கும் குளியல் சோப்பில் ஜிஎஸ்டி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல்தான் அது 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வருமான வரி போய்விட்டால், அந்த 5-ஐத்தான் முதலில் தூக்கப் பார்ப்பார்கள்.