நூற்றுக்கு நூறு ஆசையும் பிழை பயமும்

தலவாக்கலைப் பக்கம் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவின் கையைக் கிட்ட இருந்து பாருங்கள். கண் ஒரு தடவை செடியின் மேல் மட்டத்தில் ஓடுகிறது. விரல்கள் ஒரு மொட்டையும் இரண்டு இலையையும் ஒடிக்கின்றன. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் போகிறது. நடுவில் சிலதில் மூன்று இலை வந்துவிடும், சிலதில் முற்றல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அவர் நின்று நின்று அதைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். திருத்தப் போனால் கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கிலோ குறையும், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். கண்டதையும் உருவி எடுத்தாலும் சரிவராது. முற்றல் கூடினால் பெக்டரியில் தூளின் தரம் விழுந்துவிடும்.

இலங்கைத் தேயிலைச் சபை பச்சைக் கொழுந்துக்கு வைத்த இலக்கின் பெயரே பி-60. நூற்றில் அறுபது பங்காவது நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். உலகச் சந்தையில் பெயர் எடுத்த தேயிலைக்கு வைத்த இலக்கு இது. எவ்வளவு தரம் வேண்டும், எந்த இடத்தில் 'போதும்' என்று விடலாம் என்ற இரண்டு கணக்கும் அதற்குள் இருக்கின்றன.

அந்த இரண்டாவது கணக்கு சிலருடைய மனதில் நடப்பதே இல்லை. எதைச் செய்தாலும் துளிக் குறையும் இருக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். உளவியலில் இதைப் பூரணத்துவம் என்கிறோம். இது நல்ல குணமா, கெட்ட குணமா என்று ஆய்வாளர்கள் நாற்பது வருடங்களுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். 1978இல் அமெரிக்க உளவியலாளர் டொன் ஹாமசெக், பூரணத்துவத்தில் இயல்பானது, நோய்த்தன்மையானது என்று இரண்டு வகை உண்டு என்று எழுதினார். முதல் வகை ஆள் கடினமாக உழைப்பார், வேலை நன்றாக வந்தால் மனம் குளிர்வார். இரண்டாம் வகை ஆளுக்கு வேலை எவ்வளவு நன்றாக வந்தாலும் திருப்தி வராது.

1990இல் ராண்டி ஃப்ரொஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். தனக்குத்தானே வைக்கும் உயர்ந்த அளவுகோல், பிழை பற்றிய கவலை, செய்தது சரிதானா என்ற சந்தேகம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் குறைகூறல், ஒழுங்கு என்று ஆறு பக்கங்களை அது தனித்தனியாக அளந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு கூட்டமாகச் சேர்ந்தன. ஒன்று உயர்வை நோக்கிய முயற்சி. மற்றது பிழையைப் பற்றிய பயம். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், ஒன்று கூடவும் மற்றது குறையவும் இருக்கலாம். பூரணத்துவத்தின் நன்மை தீமை பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் எல்லாமே குழம்பிவிடும் என்பது என் எண்ணம். நன்மையில் பெரும்பகுதி முதலாவதிலிருந்து வருகிறது, தீமையில் பெரும்பகுதி இரண்டாவதிலிருந்து.

நன்மையை முதலில் பார்ப்போம். தேயிலை பெக்டரியில் உருட்டிய இலை நிறம் மாறிக்கொண்டிருக்கும்போது, எந்த நேரத்தில் அதை உலர்த்திக்குள் அனுப்ப வேண்டும் என்று டீமேக்கர் மணத்தையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்கிறார். கொஞ்சம் பிந்தினால் சுவை போய்விடும். ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவை இரண்டாம் முறை பார்க்கும் தாதியின் பிடிவாதம் ஒரு உயிரைக் காக்கும். இப்படிப்பட்ட இடங்களில் 'பரவாயில்லை, விடு' என்பவர்தான் ஆபத்தானவர். உயர்ந்த அளவுகோல் உள்ளவர்கள் வேலையில் கூடுதலாக ஒன்றிப்போகிறார்கள், படிப்பில் கூடுதலாக உழைக்கிறார்கள், வேலையைத் தள்ளிப்போடுவதும் அவர்களிடம் குறைவு.

ஆனால் உழைப்பு கூடுகிற அளவுக்கு விளைச்சல் கூடுவதில்லை. வேலைத்தளங்களில் பூரணத்துவம் பற்றி நடந்த 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2018இல் வெளியானது. பூரணத்துவம் கூடியவர்கள் அதிக நேரம் வேலை செய்தார்கள், அதிகமாகக் களைத்துப் போனார்கள். வேலையின் தரம் என்று வந்தபோது மற்றவர்களைவிட அவர்கள் மேலும் இல்லை, கீழும் இல்லை. அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்து வேலை தேடிய மாணவர்களிடம் நடந்த வேறொரு ஆய்வு 2006இல் வெளியானது. கிடைக்கக்கூடியதிலேயே மிகச் சிறந்த வேலைதான் வேண்டும் என்று தேடியவர்களுக்கு, போதுமான வேலை கிடைத்தால் சரி என்று நினைத்தவர்களைவிட ஏறத்தாழ 20 வீதம் கூடுதலான சம்பளம் கிடைத்தது. மனத்திருப்தி அவர்களுக்குத்தான் குறைவு.

சரி, பிழை பற்றிய பயம் எப்படி வேலை செய்கிறது? நாம் ஒரு பிழை செய்து 50 முதல் 100 மில்லி செக்கனுக்குள், அதாவது 'ஐயோ' என்று வாய் திறக்கும் முன்பே, மூளையின் முன்பக்க நடுப்பகுதியிலிருந்து ஒரு மின் சைகை கிளம்புகிறது. தலையில் மின்முனைகள் ஒட்டிப் பதிவு செய்த ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். சிங்குலேட் புறணி என்ற பகுதியின் முன்பக்கம்தான் இதன் முக்கிய ஊற்று. இது எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். இந்தச் சைகை வந்தபிறகுதான் அடுத்த தடவை கை கொஞ்சம் நிதானிக்கிறது. எப்போதும் பதற்றமும் கவலையுமாக இருப்பவர்களுக்கு இந்தச் சைகை பெரிதாக அடிக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சின்னப் பிழைக்கும் பெரிய மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்தபிறகு மனம் என்ன சொல்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். ஃப்ரொஸ்டின் கேள்வித்தாளில் ஒரு கூற்று உண்டு: வேலையிலோ படிப்பிலோ தோற்றால் ஆளாகவே நான் தோற்றவன். இதற்கு 'ஆம்' என்று சொல்லும் ஒருவருக்குப் பிழை என்பது வேலையில் உள்ள குறை மட்டும் இல்லை, தன் பெறுமதிக்கே வந்த தீர்ப்பு. அப்புறம் கவனம் கேள்வியைவிட்டுத் தன்மேல் திரும்புகிறது. ஒரு நேரத்தில் மனதில் வைத்துப் புரட்டக்கூடிய விஷயங்களுக்கு அளவு உண்டு. அந்த இடத்தில் பாதியைக் கவலை பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மீதிப் பாதிதான். வீட்டில் செய்த கணக்கு பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவது பலருக்கு இப்படித்தான் நடக்கிறது.

2002இல் ரோஸ் ஷஃப்ரன் என்ற பிரித்தானிய உளவியலாளரும் அவருடன் சேர்ந்த இருவரும் இந்தப் பூரணத்துவம் ஏன் தானாக ஆறுவதில்லை என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. ஒருவர் தனக்கு மிகவும் உயரமான ஒரு இலக்கு வைக்கிறார். எட்டவில்லை என்றால் தன்னையே திட்டிக்கொள்கிறார், அடுத்த தடவை இன்னும் இறுக்குகிறார். சிலர் முயற்சியையே கைவிடுகிறார்கள். தப்பித்தவறி எட்டிவிட்டால் என்ன நடக்கிறது? 'இது லேசாக இருந்திருக்கும், அதுதான் முடிந்தது' என்று இலக்கை உயர்த்திவிடுகிறார். தோற்றாலும் தோல்வி, வென்றாலும் வெற்றி கணக்கில் சேராது. இப்படி ஒரு கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் நிறைய வழியே இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டுரை எழுதுவதைப் பாருங்கள். முதல் வரியில் ஒரு 'ழ' சரிந்துவிட்டது. அழிறப்பரால் தேய்க்கிறது, அந்த இடம் கறுத்துப் போகிறது. எச்சில் தொட்டுத் தேய்க்கிறது, தாள் மெலிந்து ஓட்டையாகிறது. தாளைக் கிழிக்கிறது. நடுவில் கம்பி அடித்த கொப்பி, ஒரு தாளைக் கிழித்தால் அதன் சோடித் தாளும் கழன்று வரும். போன கிழமை 'மிக நன்று' வாங்கிய பாடம் அதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் போய்விட்டது, கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. 'சோம்பேறி' என்று வீட்டில் ஏச்சு விழுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளை, தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்திலேயே அதிகமாக உழைத்திருக்கிறது.

வேலையைத் தள்ளிப்போடுவதற்கும் இதே பயம் காரணமாகிறது. தொடங்கினால் குறை தெரியும், தொடங்காதவரை குறை இல்லை. முயற்சிப் பக்கம் கூடியவர்கள் குறைவாகத் தள்ளிப்போடுகிறார்கள், பயப் பக்கம் கூடியவர்கள் அதிகமாகத் தள்ளிப்போடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசல் காட்டியது. மனச்சோர்வு, பதற்றம், உணவுப் பழக்கக் கோளாறுகள் ஆகியவற்றோடும் இந்தப் பயம் சேர்ந்தே காணப்படுகிறது. தூக்கமும் கெடலாம்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? கனடாவைச் சேர்ந்த போல் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் பூரணத்துவத்தை அது பாயும் திசையை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடம் தானே எதிர்பார்ப்பது, மற்றவரிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவதுதான் மனநலத்தை மிக மோசமாகக் கெடுக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியாவில் 1989 முதல் 2016 வரை பல்கலைக்கழக மாணவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்த விடைகளைத் தொகுத்தபோது மூன்றுமே ஏறியிருந்தன. அதிகமாக ஏறியது இந்த மூன்றாவதுதான்.

நம் மலையகத்தில் அது வளர நிலம் நன்றாகப் பண்பட்டிருக்கிறது. ஹட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளை என்று எங்கே போனாலும் புலமைப்பரிசில் டியூசன் பதாகை தொங்குகிறது. 200 புள்ளிக்கு நடக்கும் பரீட்சை அது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் பத்து வயதுப் பிள்ளையைப் 'பெயில்' என்றே ஊர் பேசுகிறது. உயர்தரத்துக்கு வந்தால் இசட் புள்ளி. ஒருவர் எடுத்த புள்ளி மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அப்படி இருக்கும்போது பிள்ளை தன்னை மற்றவரோடு ஒப்பிடாமல் எப்படி இருக்கும்?

இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. லயக்காம்பிராவில் இரண்டு தலைமுறை நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு குடும்பம், 'நாங்க பட்ட பாடு நீ படக்கூடாது' என்று சொல்வதில் என்ன பிழை? அட்டைக்கடியும் மழையும் பட்ட கை அது. ஆனால் அந்த வார்த்தை பிள்ளையின் காதில் வேறு மாதிரி விழலாம். 'நான் ஒரு புள்ளி குறைந்தால் இந்த வீடு முழுதும் கீழே போகும்' என்று. குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் பலர் அங்கே உதவி கேட்கத் தயங்குகிறார்கள். தெரியாது என்று சொன்னால் இடம் தந்தது பிழை என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

இதை மாற்ற முடியும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பூரணத்துவத்தைக் குறைக்கிறது, கூடவே மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதன் மையத்தில் இருப்பது ஒரு எளிய வேலை. பயம் சொல்லும் ஆரூடத்தைச் சோதித்துப் பார்ப்பது. 'இந்தக் கடிதத்தை ஒரே தடவை வாசித்துவிட்டு அனுப்பினால் அதிகாரி என்னை மட்டமாக நினைப்பார்' என்று முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு அப்படியே அனுப்ப வேண்டும். என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். மருந்து அளவு மாதிரியான இடத்தில் இதைச் செய்யக்கூடாது. விருந்தாளிக்குப் போடும் தேநீர், வீட்டு அலுமாரி, வட்ஸ்அப் செய்தி, பிள்ளையின் கொப்பி அட்டை போன்ற இடங்களில் தொடங்கலாம். சில தடவை செய்த பிறகு ஆரூடத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி தாளிலேயே தெரியும்.

இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முன்பே முடிவை நிச்சயிப்பது. ஏழரை மணிக்குக் கட்டுரையை நிறுத்துவேன், எது வந்ததோ அதுதான் என்று. செய்துகொண்டிருக்கும்போது 'போதும்' என்று சொல்லும் சக்தி பயந்த மனதுக்கு இருக்காது, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளை 85 புள்ளியோடு வீட்டுக்கு வந்தால் 'மீதிப் பதினைந்து எங்கே?' என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் கேள்வி. அந்த இடத்தில் 'எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது, வா பார்ப்போம்' என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பிழை பிள்ளையை விட்டு இறங்கித் தாளுக்குப் போகிறது. தாளில் இருக்கும் பிழையைத் திருத்தலாம்.

தூக்கமின்மை, சாப்பிட முடியாமை, உயிரோடு இருந்து பயனில்லை என்ற பேச்சு இவை வந்துவிட்டால் வீட்டில் வைத்துச் சமாளிக்கக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளுக்குப் போகலாம். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.