பிட்காயினில் பணம் கொடுக்கும்போது விற்பவர் எதையெல்லாம் பார்க்கிறார்?

எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பிட்காயின் பேரேடு 2009 ஜனவரியில் தொடங்கிய நாளிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அதில் பெயர்கள் இல்லை. ஆனால் பொருள் வாங்கும்போது பெயரையும் வீட்டு விலாசத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

வாலட்டில் (பிட்காயினைக் கையாளும் செயலியில்) இருப்பது ஒரே தொகை அல்ல, தனித்தனியாக வந்துசேர்ந்த துண்டுகள். ஒரு துண்டை எடுத்தால் முழுதாகத்தான் செலவழிக்க முடியும். 0.5 பிட்காயின் துண்டிலிருந்து 0.01 கொடுத்தால், கட்டணம் போக ஏறக்குறைய 0.49 சில்லறையாக உங்களிடமே திரும்பும். இரண்டும் ஒரே பரிவர்த்தனையில் பதிவாகும். பேரேட்டைத் தேடிப் படிக்க உதவும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடினால் விற்பவருக்கு அந்த மீதி தெரிந்துவிடும். வீட்டு விலாசமும் கையிருப்பும் ஒரே ஆளிடம் சேர்வதைவிடப் பெரிய ஆபத்து இதில் இல்லை.

அடுத்தது, தொகை போதாதபோது வாலட் தானாகவே பல துண்டுகளைச் சேர்ப்பது. சம்பளமாக வந்ததும் நன்கொடையாக வந்ததும் சேர்ந்து வெளியே போனால், இரண்டும் ஒருவருடையவை என்றே பகுப்பாய்வாளர்கள் கொள்வார்கள். அந்தப் பதிவை அழிக்க வழியே கிடையாது.

எனவே துண்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். எலக்ட்ரம் என்ற வாலட்டில் வியூ மெனு வழியாகக் காயின்ஸ் பகுதியைத் திறக்கலாம். ஸ்பாரோ வாலட்டில் யுடிஎக்ஸ்ஓ (செலவாகாத துண்டுகள்) பகுதி. பணம் வந்தவுடனேயே எங்கிருந்து வந்தது என்று லேபிள் எழுதி, விலைக்கு நெருக்கமான துண்டை மட்டும் அனுப்புங்கள். பெரிய துண்டை முன்கூட்டியே உங்களுக்கே அனுப்பிப் பிரித்துவைப்பது ஓரளவுக்கே உதவும், தடம் பின்னோக்கி நீளும். சிறு தொகைகளுக்கு லைட்னிங் (ஒவ்வொரு செலவையும் பேரேட்டில் எழுதாமல் பிட்காயின் அனுப்பும் வலையமைப்பு) நல்லது: உங்கள் கையிருப்பு பெறுபவருக்குத் தெரியாது. ஆனால் பணத்தை நிறுவனமே வைத்திருக்கும் வாலட் என்றால் அந்த நிறுவனம் எல்லாவற்றையும் பார்க்கும்.

பணம் பெற ஒவ்வொரு முறையும் புது முகவரி (வாலட் உருவாக்கித் தரும் எழுத்து-எண் தொடர்) கொடுங்கள். வாலட்டின் முகவரிகளை உருவாக்கும் பொதுச் சாவியான எக்ஸ்பப்பை எந்தச் செயலியிலும் ஒட்டாதீர்கள். அதிலிருந்து பிறக்கும் பழைய, புதிய முகவரிகள் அத்தனையும் அம்பலமாகும். சொந்த நோடு (பேரேட்டின் பிரதியை வைத்துச் சரிபார்க்கும் கணினி) இல்லையென்றால், ஐபி எனும் இணைய முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணையுங்கள். இல்லாவிட்டால் வாலட் பேசும் சர்வருக்கு உங்கள் ஐபியும் முகவரிகளும் சேர்ந்தே போகும்.

எத்தீரியம், டிரான் ஆகிய மற்ற கிரிப்டோ வலையமைப்புகளில் சில்லறை இல்லை, ஒரே கணக்கில் முழு இருப்பும் தெரியும். செலவுக்குத் தனி முகவரி வையுங்கள், ஆனால் சேமிப்பு முகவரியிலிருந்து அதை நிரப்பினால் இரண்டும் இணைந்துவிடும்.

இவை வரித்துறையிடமிருந்து ஒளியும் வழிகள் அல்ல. இந்தியாவில் கிரிப்டோ கொடுத்துப் பொருள் வாங்குவதும் கைமாற்றமே. லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஆகவே லேபிளில் வாங்கிய தேதியையும் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். சீட் சொற்களை (வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொற்களை) கொண்டு வாலட்டை மீட்டால் பணம் திரும்பும், லேபிள்கள் திரும்பாது. அவற்றைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, கடவுச்சொல்லிட்டு வையுங்கள்.